சுடுதண்ணீர் பட்ட காயமில்லை

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்பதைப் போன வாரம் பேசியபோது உன் குரலிலேயே தெரிந்துகொண்டேன், அது அப்படியே நிலைக்கட்டும். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் முதுகு முணுமுணுக்கிறது, எழுந்து நடந்தால் சும்மா இருக்கிறது. அம்மாவும் நன்றாக இருக்கிறாள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அவள் உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, அதை முதலில் மனதில் வாங்கிக்கொள். வலது கையில் பெரிய காயம், ஒரு மாதத்துக்கு மேலாகிறது, இப்போது ஆறி வருகிறது. போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் ஆரம்பித்தால் முதல் வார்த்தையிலேயே அம்மாவிடம் கொடுங்கள் என்பாய், அவள் ஒன்றுமில்லை என்பாள், நீ அழுவாய், அவள் உன்னைச் சமாதானப்படுத்தப் போய்விடுவாள், சொல்ல வந்தது நடுவில் எங்கேயாவது விழுந்துவிடும். அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு. இத்தனை நாளும் நீ முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் அவள் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனைக் கழுத்துக்குக் கீழே இறங்காமல் பிடித்திருந்தாள், நீ கவனித்திருக்க மாட்டாய். எத்தனையோ பேர் காயத்துக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ் நீ, ஒரு பார்வை பார்த்தாலே இது என்ன காயம் என்று சொல்லிவிடுவாய் என்ற பயம் அவளுக்கு. காயம் தெரிவதைவிட அது எதனால் வந்தது என்று தெரிந்துவிடுமே என்ற பயம்தான் அதிகம்.

அம்மா வேலை செய்யும் சமையல்கூடத்தை நீ பார்த்திருக்கிறாய். ஆஸ்பத்திரிகளுக்கும் ஆபீசுகளுக்கும் சாப்பாடு கட்டி அனுப்புகிற இடம், சமையல்காரர்கள் கை கழுவிக்கொண்டு போன பிறகுதான் அம்மாவின் கூட்டத்துக்கு வேலையே ஆரம்பிக்கும். தரை, அடுப்பு, சாக்கடை மூடி, எல்லாவற்றையும்விட மோசமானது அடுப்புகளுக்கு மேலே தொங்குகிற தகரப் புகைக்கூண்டு. அதன் சல்லடைத் தகடுகளில் எண்ணெய்ப் பிசுக்கு தார் மாதிரி ஒட்டிக்கிடக்கும், நகத்தால் சுரண்டினாலும் வராது. அதற்கென்று ஒரு மருந்து நீலக் கேனில் வருகிறது, அங்கே எல்லோரும் அதைப் பிசுக்கு மருந்து என்பார்கள். தோலை அரிக்கிற காஸ்டிக் சோடா கலந்தது, நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கிய பிறகுதான் தொடவேண்டும். அளவு பார்த்துக் கலந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது சூப்பர்வைசரின் வேலை. அந்த சூப்பர்வைசர்தான் உன் மாமா. அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான், தாய் தகப்பன் போன பிறகு இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தவள் அவள். பாத்திரம் கழுவப் போனவர் படிப்படியாக மேலே வந்து சூப்பர்வைசர் ஆனபோது அந்த வெள்ளைச் சட்டையை நான்தான் தைத்தேன், காலர் சரியாக நிற்கவில்லை என்று பிரித்துத் திரும்பத் தைத்தேன். அன்றைக்கு அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பிக்குக் கீழே வேலை பார்க்கிறோமே என்ற வருத்தம் அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை, என் தம்பி சொல்கிறான் நான் செய்கிறேன் என்பாள், மற்றவர்களையும் செய்ய வைப்பாள்.

மறுநாள் சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்று திடீரென்று தகவல் வந்திருக்கிறது. புகைக்கூண்டு பளபளவென்று இருக்கவேண்டும், நேரமோ இல்லை. தண்ணீர் கலந்தால் பிசுக்கு ஊற வெகுநேரம் ஆகும் என்று மாமா கேனில் இருந்ததை அப்படியே ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். கொஞ்சம் ஸ்ட்ராங்காக இருக்கும் பார்த்துக்கொள் அக்கா என்று மட்டும் சொல்லியிருக்கிறார். முழங்கை வரை ஏறும் கிளவுஸ் தீர்ந்துபோய் எத்தனையோ நாளாகிறதாம், மணிக்கட்டோடு நிற்கிற குட்டைக் கிளவுஸ்தான் இருந்திருக்கிறது. அம்மா முக்காலி மேல் ஏறிக் கையைத் தூக்கி அண்ணாந்து தேய்த்திருக்கிறாள். தூக்கிய கையில் வழிகிறது எங்கே போகும், மணிக்கட்டு வழியாகக் கொஞ்சம் கிளவுசுக்குள்ளும் மீதி சட்டைக் கைக்குள் முழங்கை வரைக்கும் இறங்கியிருக்கிறது. சுட்டிருந்தால் உடனே கழற்றி எறிந்திருப்பாள். அந்த மருந்தின் சூதே அதுதான் பாப்பா, உனக்குத் தெரியாததில்லை, முதலில் வலிக்காது, சோப்புத் தண்ணீர் மாதிரி வழவழவென்றுதான் இருக்கும். அவளும் சோப்பு என்றே நினைத்துக்கொண்டு அத்தனை தகடுகளையும் தேய்த்து முடித்து, முக்காலியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கிளவுசைக் கழற்றியிருக்கிறாள். தோல் வெளுத்து ஊறி ஜவ்வு மாதிரி இருந்ததாம். அப்புறம் பிடித்துக்கொண்ட எரிச்சலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மாமாதான் வண்டி பிடித்து முனையில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டதும் யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே அம்மா சுடுதண்ணீர் கொட்டிவிட்டது என்று சொல்லிவிட்டாள். மாமா பக்கத்திலேயே நின்றிருந்தார், வாயைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் அவரை அவர் இவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, உனக்கு மாமா என்பதற்காக எழுதுகிறேன்.

வீட்டிலும் அதே சுடுதண்ணீர்க் கதைதான், நானும் நம்பினேன். ஏன் நம்பாமல் இருக்கவேண்டும், அவள் என்னிடம் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சமையல் என் கைக்கு வந்தது. நான் செய்ததை அவள் இடதுகையால் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தலை பின்னி விடுவதும் நான்தான். கோணலாக இருக்கிறது என்றாள், தையல்காரன் பின்னல் இது, கோணினாலும் பிரியாது என்றேன், அதற்கு மட்டும் சிரித்தாள். ஆனால் காயம் ஆறுகிற வழியாக இல்லை. தடவக் கொடுத்த மருந்தைத் தடவத் தடவச் சிவப்பாக இருந்தது கறுத்து, நடுவில் குழி விழுந்துகொண்டே போனது. இதற்கு நடுவில் அவள் வேலைக்குக் கொண்டுபோகிற பை கதவு மூலையில் கிடந்தது, நாற்றம் எடுக்குமே என்று அன்று போட்டிருந்த சீருடையைத் துவைக்க எடுத்தேன். இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. வலது கைத் துணி நிறம் செத்து வெளுத்துப் போயிருந்தது. என்னடா என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன், வழவழவென்று சோப்பு மாதிரி இருந்தது, தேய்த்துக்கொண்டு இருக்கும்போதே விரல் நுனியெல்லாம் எரிய ஆரம்பித்துவிட்டது. குழாயைத் திறந்து கையை நீட்டியபடி நின்றேன். எத்தனை வருஷமாகத் துணியோடு பிழைக்கிறேன், சுடுதண்ணீர் துணியை இப்படிச் செய்யாது. ஈரக்கையோடு உள்ளே போய் அவள் முன்னால் விரலைக் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளைப் பேச வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒன்றைக் கேட்டாள்.

“டாக்டர்கிட்ட வேணா சொல்லிக்கலாம். அவன் வேலை பாக்குற இடத்துல மட்டும் சொல்லிடாதீங்க. அவன் எனக்குத் தம்பி இல்ல, நான் பெறாத புள்ள.”

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே கூட்டிக்கொண்டு போனேன். அங்கே தீக்காயப் பிரிவில் இருந்த டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு எதையும் கேட்கவில்லை, நாங்களே சொன்னோம். முதல் நாளே சொல்லியிருந்தால் வேறு எதற்கும் முன்னால் ஓடுகிற தண்ணீரில் வெகுநேரம் கழுவச் சொல்லியிருப்பார்கள், இவ்வளவு ஆழம் போயிருக்காது என்று வருத்தப்பட்டார், திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். செத்த சதையை எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோலை எடுத்து முன்கையில் வைத்தார்கள். புதுத் தோல் பிடித்துக்கொண்டது. விரல்கள் மடங்குகின்றன, இறுக்கிப் பிடிக்க மட்டும் முடியவில்லை, அதற்கு ஒரு பஞ்சுப் பந்து கொடுத்து அமுக்கி அமுக்கிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். சட்டைக் கை கட்டில் உரசாமல் இருக்க நான் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன், தோளிலிருந்து மணிக்கட்டு வரை பக்கவாட்டில் திறந்து நாடா கட்டுகிற மாதிரி. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணி எனக்கும் ஒன்று என்று கேட்டுவிட்டார், அவருக்கும் தைத்தேன். எல்லாவற்றையும் இப்படிக் கோத்துக் கோத்து எழுதிவிட்டேன், கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி.

அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை நான் பாதிதான் காப்பாற்றினேன். மேலாளரிடம் போகவில்லை, ஆனால் மாமாவைப் போய்ப் பார்த்தேன். சமையல்கூடத்தின் பின்வாசலில், குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் வந்து நின்றார், நான் தைத்த சட்டைதான் போட்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. நான் கத்தவில்லை, கத்துவதற்கு நிறைய வைத்திருந்தேன், ஆள் பாதியாக இளைத்துப் போயிருந்ததைப் பார்த்ததும் வாய் எழவில்லை. அக்கா கையை ஒருநாளாவது வந்து பார்த்தாயா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார். மேலாளரிடம் தானே போய்ச் சொல்லிவிடுவதாகவும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படியும் சொன்னார். இனிமேல் அளவு பார்க்காமல் கலப்பதில்லை, தன் கையாலேயே கலக்கிறேன் என்றார். அதில் பொய் இல்லை, அன்று முதல் ஒழுங்காகத்தான் கலந்திருக்கிறார். அவர் வாயால் சொன்னால் அக்காளும் தம்பியும் முகம் பார்த்துக்கொள்ள வழி இருக்கும் என்று நானும் வந்துவிட்டேன். நாள் போய்க்கொண்டே இருந்தது, சொல்லவில்லை. அங்கே எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான், அம்மா சுடுதண்ணீரைக் கொட்டிக்கொண்டாள் என்பது.

அம்மாவோடு வேலை செய்கிற ஒருத்தியை ரேடியோ என்று கூப்பிடுவார்கள். வாய் ஓயாது, பேச்சு நின்றால் பாட்டு, தேய்க்கிற தாளத்துக்குத் தகுந்த பாட்டு. ஒருநாள் நம் வீட்டுக்கு வந்து என் மெஷின் சத்தத்துக்கும் ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போனாள், நல்ல பெண். அம்மாவின் இடத்தில் புகைக்கூண்டு வேலை அவளுக்கு வந்தது. அன்றைக்கு மாமா ஊற்றிக் கொடுத்த அந்தப் பாட்டில் பாதி மீதியோடு அலமாரியின் மேல்தட்டில் அப்படியே இருந்திருக்கிறது. அதைக் கொட்ட மாமாவுக்கு ஞாபகம் வரவில்லையா, தொடவே பயமாக இருந்ததா, எனக்குத் தெரியாது. வேறு யாருக்காவது விஷயம் தெரிந்திருந்தால் அது அன்றே குப்பைக்குப் போயிருக்கும். புதிதாகக் கலந்த பாட்டில் தீர்ந்துபோகவே ரேடியோ மேல்தட்டில் இருந்ததை எடுத்திருக்கிறாள். அண்ணாந்து அடித்தது தகட்டில் பட்டுத் திரும்பி அவள் இடது கண்ணில் தெறித்துவிட்டது. சோப்புத்தானே என்று தோளில் துடைத்துவிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், பிறகு கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்திருக்கிறாள். கூட வேலை செய்கிறவள் அலறி அடித்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்து சொன்னாள். சொன்னவளுக்கு அம்மாவின் காயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதே தெரியாது. பாவம் அக்கா, உங்களுக்குச் சுடுதண்ணி, அவளுக்கு இது, யாரு கண்ணு பட்டதோ என்று அங்கலாய்த்துவிட்டுப் போனாள். அவள் போனதும் அம்மா, என் சட்டையை எடுத்துக் கொடுங்க, போகணும் என்றாள். எங்கே என்று கேட்டேன். சமையல்கூடத்துக்கு என்றாள். நான் நாடாவைக் கட்டி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

மேலாளர் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அந்த ஆள் உடனே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்து பாதுகாப்பு அதிகாரி ஒரு அம்மா வந்தார், சில நாளில் விசாரணை வைத்தார்கள். மாடியில் நீள மேசை போட்ட அறை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அதன் வழியே கீழே அடுப்புகளும் அந்தப் புகைக்கூண்டும் தெரிந்தன. அம்மாவுக்குத் துணைக்கு என்னை உட்கார விட்டார்கள், பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு. மாமா எதிரில் உட்கார்ந்திருந்தார். மருந்து எப்படிக் கலக்கப்பட்டது என்று அதிகாரி அம்மா கேட்டார். மாமா மேசையைப் பார்த்தபடி, அளவுப்படிதான் கலந்தேன் என்றார். நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன். அம்மா அவரைத் திட்டவில்லை. இடதுகையால் சட்டையின் நாடாவை ஒவ்வொன்றாக இழுத்து அவிழ்த்தாள், கட்டை விலக்கிக் கையை மேசை மேல் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன நாளுக்குப் பிறகு அதை அவர் பார்த்ததில்லை.

“பாருடா. நீ தண்ணி கலந்திருந்தா இது இப்படி ஆயிருக்குமா? ஆஸ்பத்திரியில பொய் சொன்னது நான், நீ சொல்லச் சொல்லல. அந்தப் பொய்யால இன்னொருத்தி கண்ணு போயிருக்கு. இப்ப நீயும் பொய் சொன்னா அத நம்மளால சுமக்க முடியாதுடா.”

மாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கலக்கவில்லை என்றார். சத்தமே வரவில்லை, அதிகாரி அம்மா இன்னொரு முறை சொல்லச் சொன்னார், சொன்னார். அதோடு முடிந்தது என்று மேலாளர் எழுந்திருக்கப் பார்த்தார், அம்மா விடவில்லை. நீளக் கிளவுஸ் வேண்டும் என்று என் தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான், நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அடுத்த மாசம் அடுத்த மாசம் என்று தட்டிக் கழித்தது யார், சோதனை என்று முந்தின நாள் சொல்லி விரட்டியது யார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். அதிகாரி அம்மா எழுதிக்கொண்டார். மேலாளர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். எனக்கு உன் அம்மாவைக் கட்டி இத்தனை வருஷமாகியும் அவளை முழுதாகத் தெரியாது போல என்று அப்போது தோன்றியது.

முடிவு என்னவென்றால், மாமாவைச் சூப்பர்வைசர் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டே அனுப்பவில்லை, சரக்கு இறக்குகிற இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மேலாளரையும் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள், அது தண்டனையா சௌகரியமா தெரியவில்லை. நீளக் கிளவுசும் கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியும் வந்துவிட்டன, கண் கழுவ ஒரு குழாயும் வைத்திருக்கிறார்களாம். இவ்வளவும் முன்பே வந்திருக்கக் கூடாதா என்று கேட்க யாரும் இல்லை. அம்மா வேலைக்குத் திரும்பிப் போவாளா என்பது கை எவ்வளவு தேறுகிறது என்பதைப் பொறுத்தது. மாமாவின் மனைவி, உன் அத்தை, போன் செய்து, கூடப் பிறந்தவனையே காட்டிக்கொடுத்தவள் என்று அம்மாவை ஏசினாள், அம்மா முழுவதும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மாமா இந்தப் பக்கமே வருவதில்லை. அம்மா வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறாள், நான் பார்க்காத மாதிரி மெஷினை ஓட்டுகிறேன். மாமாவுக்கு உன்மேல் எப்போதும் தனிப் பிரியம், இன்றைக்கோ நாளைக்கோ உன்னைக் கூப்பிடுவார் என்று எனக்குத் தோன்றுகிறது. கூப்பிட்டால் எடு. அம்மா கையை நினைத்துக் கோபம் வரும், வரட்டும், ஆனால் பேச விடு, முழுக்கக் கேள். அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்றும் சொல்லாதே, இல்லவே இல்லை என்றும் சொல்லாதே. அக்காவைப் போய்ப் பாருங்கள் மாமா என்று மட்டும் சொல். நீ சொன்னால் கேட்பார். நான் சொன்னால் அதில் என் கோபமும் சேர்ந்து வந்துவிடுகிறது.

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. விசாரணை முடிந்த பிறகு ரேடியோவைப் பார்க்கப் போகவேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள், கிளம்புகிற நேரத்தில் உட்கார்ந்துவிடுவாள். அவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பாள். போன ஞாயிற்றுக்கிழமை பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரே அறை வீடு, ஜன்னலுக்குத் திரை போட்டு இருட்டாக வைத்திருந்தார்கள், வெளிச்சம் கண்ணுக்குக் கூசுகிறதாம். ரேடியோ கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், இடது கண்ணில் ஒரு மூடி. அந்தக் கண்ணில் வெள்ளையாகத் திரை விழுந்த மாதிரி இருக்கிறது, ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது, பார்வை எவ்வளவு திரும்பும் என்பதை இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அம்மா அவளுடைய இடதுபக்கம் போய் நின்றாள்.

“இந்தப் பக்கம் வந்து உக்காருங்கக்கா. அங்க நின்னா நீங்க எனக்குத் தெரியமாட்டீங்க.”

அம்மா சுற்றிவந்து வலதுபக்கம் உட்கார்ந்தாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், சுடுதண்ணீர் என்று தான் சொன்னதை, ஏன் சொன்னாள் என்பதை, தான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பாட்டில் அங்கே இருந்திருக்காது என்பதை, ஒன்றையும் மறைக்கவில்லை. ரேடியோ குறுக்கே பேசாமல் கேட்டாள். எனக்கு உங்கமேல கோபம் இருக்குதுக்கா, இல்லைன்னு சொன்னா அதுவும் ஒரு பொய்யாயிடும் என்றாள். அம்மா சரி என்று தலையாட்டினாள். யாரும் அழவில்லை பாப்பா, அழுதிருந்தால் எளிதாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் கழித்து ரேடியோ தலைமாட்டில் இருந்த சொட்டு மருந்தைத் தடவி எடுத்து, மணிக்கொரு தடவை விடணும், வீட்டுக்காரர் வேலைக்குப் போயிடறார், நானே விட்டுக்கிட்டா பாதி கன்னத்துல போகுது என்று அம்மாவிடம் நீட்டினாள். அம்மாவின் வலதுகைதான் பிடிக்காதே. நான் வாங்கப் போனேன், அம்மா கையைத் தட்டிவிட்டாள். இடதுகையில் அதை வாங்கி, விரல்களை எப்படி மடக்கிப் பிடிப்பது என்று யோசித்து, மூடியைப் பல்லால் திருகித் திறந்தாள். ரேடியோ முகத்தை அண்ணாந்து கொடுத்தாள். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. நான் விட்டுக்கிட்ட மாதிரியேதான் இருக்கு என்று ரேடியோ சொன்னாள். இரண்டாவது சொட்டு கண்ணில் விழுந்தது.

மறுநாள் காலையில் நான் எழுந்து பார்த்தபோது அம்மா கிளம்பி நின்றிருந்தாள். அன்றிலிருந்து தினமும் போகிறாள், பகல் முழுக்க அங்கே இருந்து மணிக்கொரு தடவை சொட்டு விட்டுவிட்டு அவள் வீட்டுக்காரர் வந்த பிறகுதான் திரும்புகிறாள். அவர்களுக்குள் என்ன பேச்சு நடக்கிறது என்று கேட்டேன், ஒன்றும் பேசுவதில்லை என்றாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறாள், அதனால்தான் இவ்வளவு நீளமாக என்னால் எழுத முடிந்தது.

நீயும் மாப்பிள்ளையும் மனம் ஒத்து, நோய் நொடி இல்லாமல், குட்டி ஓடி விளையாட நூறு வருஷம் நன்றாக இருக்கவேண்டும், அதைத் தவிர எங்களுக்கு வேறு எதுவும் வேண்டாம். லீவு போட்டுக்கொண்டு உடனே கிளம்பி வராதே, வரவேண்டிய நேரம் வந்தால் நானே கூப்பிடுகிறேன். வார்டில் உன்னோடு இருக்கிற துப்புரவு வேலைக்காரர்களிடம் நல்ல கிளவுஸ் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேள், நீ கேட்டால்தான் உண்டு, அவர்களாக வாயைத் திறக்க மாட்டார்கள். குட்டிக்கு இந்தத் தாத்தா ஒரு முத்தம் கொடுத்ததாகச் சொல்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா